இஸ்திரி ரூம் 38 டிகிரி

புதுச்சேரி,
ஞாயிறு இரவு

மாப்ளே,

பொங்கலுக்கு நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜுக்கு இன்றுவரை நான் பதில் போடவில்லை. திட்டி முடித்துவிட்டு மேலே படி. அம்மா நலம். முட்டிவலி அதே முட்டிவலி, மஞ்சக்குப்பம் டாக்டர் அதே மாத்திரை. சின்னவள் பிளஸ் டூ முடித்துவிட்டாள், இப்போது எனக்கே பாடம் எடுக்கிறாள். அக்கா மகள் கல்யாணத்துக்கு மொட்டை வந்திருந்தான், பந்தியில் வழக்கம்போல இரண்டு தடவை உட்கார்ந்தான். உன்னைக் கேட்டான், உன்னைவிட அதிகமாக உன்னிடம் கொடுத்த கால்குலேட்டரைக் கேட்டான். உன் வீட்டில் எல்லோரும் சௌக்கியம்தானே? டொராண்டோவில் இப்போதுதான் ஹீட்டரை அணைத்திருப்பீர்கள். இங்கே கத்திரி. செருப்பில்லாமல் கடற்கரைச் சாலையில் கால் வைக்க முடியவில்லை.

எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. அதற்கு முன் வேலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் உனக்குப் புரியாது.

ஒயிட் டவுனில் ஒரு ஓட்டல் வேலை எடுத்தேன். பிரெஞ்சுக்காரன் காலத்து வீடு, ஓட்டலாக மாற்றியிருக்கிறார்கள். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய இரண்டடிச் சுவர், தேக்கு உத்திரம் போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை, 14 அடி உயரம். அவர்கள் பிரச்சினை என்னவென்றால், ரிமோட்டில் 24 வைத்துவிட்டுப் படுக்கிறவர்கள் ராத்திரி இரண்டு மணிக்கு ரிசப்ஷனுக்குப் போன் போட்டு இன்னொரு கம்பளி கேட்கிறார்கள். ஏசி கம்பெனி ஆள் வந்து கேஸ் பார்த்தான், போர்டு பார்த்தான், எல்லாம் ஓகே என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டான். அவன் சொன்னது பொய்யும் இல்லை. மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது. இன்டோர் யூனிட்டைக் கூரையை ஒட்டி மாட்டியிருக்கிறார்கள், அதன் சென்சார் உள்ளே இழுக்கிற காற்றைத்தான் பார்க்கும். சூடான காற்றெல்லாம் மேலே போய்த் தேங்குகிறது. அந்த உயரத்தில் 24 ஆகும்வரை கம்ப்ரசர் ஓடினால் கட்டில் பக்கம் என்ன ஆகும்? நான் நாலரை அடி உயரத்தில் ஒரு சென்சார் வைத்துப் பார்த்தேன். 20.6. கம்பளி கேட்காமல் என்ன செய்வார்கள்?

2020 ஜனவரியிலிருந்து ரூம் ஏசி என்றால் ஆன் செய்ததும் 24-ல்தான் நிற்க வேண்டும் என்று விதி இருக்கிறது, தெரியுமில்லையா? ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் கரண்ட் மிச்சம் என்று ஸ்டார் ஒட்டுகிற பிஇஇ-காரர்கள் சொல்கிறார்கள். இங்கே ஆள் ரிமோட்டில் ஏற்றி வைத்தாலும் ரூம் தானாக இறங்கிவிடுகிறது.

சுவரை வெட்டி கேபிள் புதைக்கக் கூடாது என்பது ஓட்டல்காரர்களின் முதல் கண்டிஷன். பாரம்பரியக் கட்டடம், நியாயம்தான். அதனால் எல்லாமே வயர்லெஸ். ரூமுக்கு ஒரு சென்சார், அவை அனுப்புவதையெல்லாம் வாங்கிக்கொள்ள மாடிப்படி ஓரம் கேட்வே என்று ஒரு பெட்டி. சென்சார் சொல்லும் எண்ணைப் பார்த்து கேட்வே அந்தந்த யூனிட்டின் செட் பாயிண்டை, அதாவது ரிமோட்டில் வைக்கிற டிகிரியை, ஏற்றி இறக்கும். நீ அங்கிருந்து சென்சார் வாங்கி அனுப்புகிறேன் என்றாயே, நல்லவேளை நான் வேண்டாம் என்றேன். உன் ஊர்ச் சரக்கு பேசுகிற ரேடியோ அலைவரிசை 915 மெகாஹெர்ட்ஸ். இங்கே அந்தப் பக்கத்தில் லைசன்ஸ் இல்லாமல் ஓட்டலாம் என்பது 865 முதல் 868 வரைதான். அதற்கு முன் 2.4 கிகாஹெர்ட்ஸ் ஒன்றையும் போட்டுப் பார்த்தேன். ஓட்டல் வைஃபை, பக்கத்து கஃபே வைஃபை, விருந்தினர் கொண்டுவந்த ஸ்பீக்கர் எல்லாம் அதே பாதையில் முட்டிக்கொண்டு நிற்கின்றன. ஈரம் ஏறிய சுவர் வேறு சிக்னலைக் குடித்துவிடுகிறது. 865-க்கு மாறியதும் பின்கட்டு வரை ஒரே கேட்வே போதும் என்றாகிவிட்டது.

மாட்டுவது இன்னொரு கூத்து. தரைத்தளச் சுவரில் உப்பு பூத்திருக்கிறது. டபுள் டேப் ஒட்டினால் மறுநாள் காலை சென்சார் சுண்ணாம்போடு தரையில் கிடக்கும். சின்னதாகத் தேக்குப் பட்டை அடித்து அதன் மேல் ஸ்க்ரூ போட்டோம். எங்கே மாட்டுவது என்பதில் இன்டீரியர் டிசைனரம்மாவோடு தினமும் பஞ்சாயத்து. அவருக்கு அது கண்ணில் படக் கூடாது. திரைக்குப் பின்னால் வையுங்கள், ஓவியத்துக்குப் பின்னால் வையுங்கள் என்கிறார். ஓவியத்துக்குப் பின்னால் வைத்தால் ஓவியத்துக்குக் குளிருகிறதா என்றுதான் தெரியும் மேடம், என்றேன். சிரித்தார், ஆனால் விடவில்லை. வெயில் படுகிற வெளிச்சுவர் வேண்டாம், டீவிக்கு மேலே வேண்டாம், ஏசி காற்று நேராக அடிக்கிற இடமும் வேண்டாம் என்று ஒவ்வொரு ரூமாக நின்று பேசியாக வேண்டியிருந்தது. பழைய சுவிட்ச் பாக்ஸ் மேல் மாட்டினால் பின்னாலிருக்கும் ஓட்டையை அடைத்தாக வேண்டும், இல்லையென்றால் பைப் வழியாக வரும் காற்று சென்சாரைத் தொட்டுக்கொண்டே இருக்கும். இதெல்லாம் உனக்குத் தெரிந்த பாடம்தான். நீ ஹீட்டருக்குச் செய்வதை நான் கூலருக்குச் செய்கிறேன்.

ஒன்று கேட்டால் சிரிப்பாய். பைப்பில் கட்டுகிற புரோப்களை, அதாவது வயர் முனையில் இருக்கும் சென்சார்களை, ஐஸ் தண்ணீரில் முக்கி 0 காட்டுகிறதா என்று பார்க்கலாம் என்று பையனை ஐஸ் வாங்க அனுப்பினேன். அவன் பெரிய மார்க்கெட் மீன் பக்கத்திலிருந்து அள்ளிக்கொண்டு வந்துவிட்டான். எல்லாப் புரோப்பும் மைனஸ் காட்டுகிறது! பையன் பயந்துபோய் மொத்த லாட்டும் டிஃபெக்ட் அண்ணே என்கிறான். உப்பு கலந்த ஐஸ் 0-க்குக் கீழேதானே போகும். ஜூஸ் கடையில் நல்ல ஐஸ் வாங்கி, நொறுக்கி, தண்ணீர் விட்டுக் கலக்கியதும் எல்லாம் ஒழுங்காக 0-க்கு வந்தன. கைதான் மூன்று நாளைக்கு வஞ்சிர வாடை.

மேனேஜருக்கு எல்லாமே லைவ்வாக வேண்டும். பத்து செகண்டுக்கு ஒருமுறை ரீடிங் அனுப்ப முடியாதா என்றார். அனுப்பலாம், பேட்டரியை நீங்களே மாற்றிக்கொள்வீர்களா என்று கேட்டேன். சென்சார் பாதி உயிரை விடுவதே சிக்னல் அனுப்பும் அந்த நொடியில்தான். இரண்டடிச் சுவர் ரூம் பத்து செகண்டில் என்ன மாறிவிடப் போகிறது? பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை, அல்லது அரை டிகிரி மாறினால் உடனே. அதற்கு ஒத்துக்கொண்டார்.

சரி, இப்போது காரணம்.

சிக்னல் எதுவரை எட்டுகிறது என்று பார்க்க, பின்கட்டின் கடைசி மூலையில் ஒரு சென்சாரை மாட்டினேன். அது இஸ்திரி போடுகிற ரூம். தகரக் கூரை. சுவருக்கு அந்தப் பக்கம் அவுட்டோர் யூனிட்கள் வரிசையாக நிற்கின்றன, அவை துப்புகிற அனல் முழுக்க ஓட்டை ஓட்டையான ஜாலி ஜன்னல் வழியாக உள்ளேதான் வருகிறது. இரண்டு பெண்கள் காலையிலிருந்து சாயங்காலம்வரை நின்றுகொண்டே பெட்ஷீட் தேய்க்கிறார்கள். ஸ்டீம் அயர்ன் ஆவி வேறு. பெரியவருக்கு நம் அம்மா வயது இருக்கும். புடவைத் தலைப்பை நனைத்துக் கழுத்தில் சுற்றியிருந்தார். நான் ஏணியில் நின்று ஸ்க்ரூ முறுக்கும்போது கீழிருந்து கேட்டார்:

“இந்தப் பொட்டி காத்து குடுக்குமா தம்பி?”

இல்லம்மா, எவ்ளோ சூடுன்னு மட்டும் சொல்லும் என்றேன். “அத நானே சொல்லுவேனே” என்று சொல்லிவிட்டு அடுத்த ஷீட்டை உதறினார். எனக்கு மேலே பேச வாய் வரவில்லை, மாப்ளே.

அன்று மதியம் ரீடிங் காட்டுகிற கம்ப்யூட்டர் திரையில் எல்லா ரூமும் பச்சைக் கட்டம், இது மட்டும் சிவப்பு. 38 டிகிரி, ஈரப்பதம் 60. நாலு மணிக்கும் அதே 38. மேனேஜர் பார்த்தார். முதலாளி பிரான்ஸில் இருக்கிறார், போனிலேயே இந்தத் திரையைப் பார்ப்பாராம். “அந்த ரூமை லிஸ்ட்ல இருந்து எடுத்துடுங்க சார், ஆவரேஜ் கெட்டுப் போகுது” என்கிறார். கெட்ட மனுஷர் இல்லை. அந்த அம்மாவின் பேத்திக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டியதும் இவர்தானாம். ஆனால் சிவப்புக் கட்டம் முதலாளி கண்ணில் பட்டால் கேள்வி இவருக்குத்தானே வரும்? என் கடைசி பில்லில் கையெழுத்துப் போட வேண்டியவரும் இவர்தான். கம்பெனிக்கு நான் இன்னும் சென்சார் பணம் பாக்கி.

உங்கள் ஊரில் குளிர்காலத்தில் வாடகை வீட்டுக்குள் 21 டிகிரிக்குக் குறைந்தால் நகராட்சிக்குப் புகார் கொடுக்கலாம் என்று நீதான் ஒருமுறை பெருமையடித்தாய். அன்றைக்குக் கிண்டல் செய்தேன். இப்போது அந்த எண் மண்டையிலேயே நிற்கிறது. காலி ரூமில் பூட்டி வைத்த கட்டிலுக்கு அரை டிகிரி கணக்குப் பார்த்து நான் ட்யூன் செய்கிறேன். பத்தடி தள்ளி இருக்கிற ஆளுக்குக் கணக்கே வேண்டாம் என்கிறார்கள்.

யோசித்து ஒரு வழி வைத்திருக்கிறேன். ஆட்களுக்காக என்று சொன்னால் பார்க்கலாம் என்பார்கள், பிறகு யாரும் பார்க்க மாட்டார்கள். அதனால் கரண்ட் பில் வழியாகப் போகப் போகிறேன். அந்த மூலை நாலு பக்கமும் அடைப்பு. அவுட்டோர் யூனிட் துப்புகிற அனலை அதுவே திரும்ப இழுக்கிறது. அப்படி இழுத்தால் கண்டன்சர் பிரஷர் ஏறும், கம்ப்ரசர் கூடுதலாகத் திணறும், பில் ஏறும். இது கதையில்லை, எவனும் மீட்டர் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். அவுட்டோர் யூனிட்டுக்கு உள்ளே போகும் காற்றில் ஒரு சென்சார், வீதிப் பக்க நிழலில் ஒரு சென்சார் வைத்து, ஒரு வாரம் இரண்டையும் ஒரே கிராஃபில் போட்டுக் காட்டுகிறேன். யூனிட் முன்னால் தகரத்தில் ஹூட் வைத்து அனலை மேலே திருப்பிவிட்டு, இஸ்திரி ரூமில் எதிர்ச்சுவரில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் போதும். விருந்தினர் ரூம் ஒன்றில் மாட்டிய ஓவியத்தின் விலைகூட ஆகாது.

அதுவரை சென்சாரைக் கழற்ற மாட்டேன். ஆவரேஜிலிருந்து மட்டும் எடுத்துவிட்டுத் தனி ஜோனாக வைத்திருக்கிறேன். மேனேஜர் அதற்கு ‘ஸ்டோர் 2’ என்று பெயர் போடச் சொன்னார். நான் ‘இஸ்திரி ரூம்’ என்று தமிழிலேயே போட்டேன். முதலாளி காரைக்காலில் பிறந்தவராம், படிக்கத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை ஹேண்ட்ஓவர். பில் நின்றால் நிற்கட்டும் என்று வீரம் பேச எனக்கு வசதியில்லை, உனக்குத் தெரியும். அதனால் ஒரு உதவி. நீ பார்க்கிற அபார்ட்மென்ட்களில் அவுட்டோர் யூனிட் முன்னால் காற்றைத் திருப்ப ஹூட் வைத்திருப்பீர்கள், அதன் போட்டோவும் அளவும் அனுப்பு. யூனிட்டுக்கும் ஹூட்டுக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி விடுகிறீர்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். நெருக்கி வைத்தால் ஃபேன் மூச்சு முட்டிவிடும். இங்கே தகர வேலைக்காரர் திங்கட்கிழமை மதியம் அளவு எடுக்க வருகிறார். அதற்கு முன் வந்தால் நல்லது. வாய்ஸ் மெசேஜ் வேண்டாம், உன் குரலில் பாதி இருமல்தான் கேட்கிறது. அந்த இருமலுக்கு டாக்டரைப் பார்த்தாயா இல்லையா, அதையும் எழுது.

உன்,
குண்டு