என்ன மரம் அறுக்கப் போகிறீர்கள்? – செயின்சா வாங்குவோருக்கு எங்கள் கடையின் மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"செயின்சா ஒன்று வேண்டும், நல்லதாக எடுங்கள்" என்று வருபவரிடம் "என்ன மரம் அறுக்கப் போகிறீர்கள்?" என்று நாங்கள் திருப்பிக் கேட்கிறோம். பணத்தோடு வந்தவரை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்பது சிலருக்குப் பிடிக்கவில்லை என்பது தெரியும். ஆனாலும் கேட்பதை விடப்போவதில்லை. அதற்கான காரணத்தைக் கடை நெரிசலில் நின்று விளக்க முடிவதில்லை என்பதால் இந்த மடலை எழுதுகிறோம்.

எஞ்சின் செயினைச் சுற்றிவிடுகிறது, அவ்வளவுதான். மரத்தைத் தின்பது செயினில் இருக்கும் பல். எவ்வளவு விலை உயர்ந்த இயந்திரமானாலும் பொருந்தாத செயினை மாட்டினால் புகையைத்தான் கக்கும். நடுத்தரமான இயந்திரத்தில் சரியான செயின் கூரோடு இருந்தால், நீங்கள் அழுத்தவே வேண்டாம். பார், அதாவது செயின் சுற்றி ஓடும் நீண்ட தகடு, தன் எடையிலேயே மரத்துக்குள் இறங்கும்.

உடுமலை, பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் இப்போது அதிகம் விழுவது தென்னை. வேர்வாடல் நோய் கண்ட மரங்களை அகற்றவே பலர் இயந்திரம் தேடி வருகிறார்கள். பிள்ளையைப் போல வளர்த்த மரத்தை வெட்டத்தான் இந்த இயந்திரம் என்று கண் கலங்கிச் சொன்னவர்களும் உண்டு. தென்னைக்கு வைரம், அதாவது மரத்தின் கெட்டிப் பகுதி, உள்ளே கிடையாது, வெளிப்புறத்தில்தான். ஓரத்து நார் இரும்பாக நிற்கும், நடுவில் சோறாக இருக்கும். போதாக்குறைக்குத் தென்னை நாருக்குள்ளேயே நுண்ணிய சிலிக்கா இருக்கிறது. மணலில் இருக்கும் அதே பொருள். வேம்பு அறுக்கும்போது நெடுநேரம் தாங்கும் கூர், தென்னையில் சீக்கிரமே மழுங்கிப்போவது இதனால்தான். இயந்திரத்தில் குறை என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள். செயினைத் தீட்டி மாட்டினால் அதே இயந்திரம் ஓடுகிறது.

காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில் பக்கத்துக்காரர்களுக்கு வேறு கவலை. கொறங்காட்டு (மேய்ச்சல் நிலத்து) வெள்வேல மரம், வேலியோரத்து வேம்பு, குளத்துக்குள் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலம் எல்லாம் கெட்டி மரங்கள். காய்ந்துவிட்டால் இன்னும் கெட்டி. பட்டையில் புழுதி அப்பியிருக்கும். வேலி மரமென்றால் பழைய முள்கம்பியும் ஆணியும் உள்ளே புதைந்திருக்கும். ஒரே ஓர் ஆணி போதும், ஒரு பக்கத்துப் பற்கள் முழுவதும் போய்விடும்.

இப்படிப்பட்ட மரங்களுக்கு நாங்கள் எடுத்துக் கொடுப்பது செமி சிசல் வகைச் செயின். அதன் பல்லின் முனை சற்று உருண்டிருக்கும். ஃபுல் சிசல் செயினின் பல் முனை சதுரமாக, கூர்மையாக இருக்கும். பச்சையான, சுத்தமான மரத்தில் அது வேகமாகப் பாயும். மேட்டுப்பாளையம், அன்னூர் பக்கம் மலைவேம்பு, சவுக்கு, தைலமரம் போட்டு மொத்தமாக வெட்டுபவர்களுக்கு ஃபுல் சிசல் ஏற்றது. ஆனால் புழுதி பட்டால் அந்தக் கூர் முனைதான் முதலில் போகும். செமி சிசல் கொஞ்சம் நிதானம். ஆனால் கூர் நின்று பேசும். நம் ஊரில் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு அதுதான் பொருத்தம் என்பது எங்கள் முடிவான கருத்து. "வேகமான செயின்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு வாங்கிப் போய்த் தென்னையில் பாழாக்கிவிட வேண்டாம்.

இனி அளவுக்கு வருவோம். "18 இன்ச் செயின் கொடுங்கள்" என்று கேட்டால் எங்களால் கொடுக்க முடியாது. அது பாரின் நீளம். செயினுக்கு மூன்று அளவுகள் உண்டு, மூன்றும் சேர்ந்து பொருந்த வேண்டும்.

முதலாவது பிட்ச். செயினின் கண்ணிகளை இணைக்கும் ஆணிதான் ரிவெட். அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளில் முதலாவதன் மையத்திலிருந்து மூன்றாவதன் மையம் வரை அளந்து பாதியாக்கினால் வருவது. 16.5 மில்லிமீட்டர் வந்தால் பாதி 8.25, அதைத்தான் .325 இன்ச் என்கிறார்கள். சிறிய இயந்திரங்களில் 3/8 இன்ச் லோ புரொஃபைல் (உயரம் குறைந்த செயின்) வரும், பெரிய இயந்திரங்களில் முழு 3/8 வரும். பெயர் ஒன்றாக இருப்பதால் இவை இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டாவது கேஜ், அதாவது பாரின் பள்ளத்துக்குள் ஓடும் டிரைவ் லிங்க்கின் தடிமன்: 1.1, 1.3, 1.5, 1.6 மில்லிமீட்டர் என்று நான்கு உண்டு. 1.5 பள்ளத்தில் 1.3 செயினைப் போட்டால் மாட்டிக்கொள்ளும், ஓடவும் ஓடும். ஆனால் பள்ளத்துக்குள் சாய்ந்து சாய்ந்து ஓடி, வெட்டு ஒரு பக்கமாக வளைந்து போகும். மூன்றாவது டிரைவ் லிங்க்குகளின் எண்ணிக்கை. இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். 3/8 லோ புரொஃபைலில் 16 இன்ச் பார் என்றாலே, கம்பெனிக்குத் தகுந்தபடி 55, 56, 57 என்று செயின்கள் உண்டு.

சென்ற மாதம் வெள்ளகோவில் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். செல்போனில் ஆர்டர் போட்டு வாங்கிய செயின், பெட்டியில் 16 இன்ச் என்று தெளிவாக எழுதியிருந்தது. அவருடைய இயந்திரத்துக்கு வேண்டியது 55 லிங்க், வந்தது 57. செயினை இறுக்கும் டென்ஷன் ஸ்குரூவைக் கடைசி வரை திருகியும் செயின் பாருக்குக் கீழே தொங்கியது. விற்றவர் திருப்பி வாங்க மறுத்துவிட்டாராம். எங்கள் பட்டறைத் தம்பி இரண்டு ரிவெட்டைத் தட்டி, அதிகப்படியான லிங்க்கை எடுத்துச் சேர்த்துக் கொடுத்தார். நீளம் கூடிப்போனதால் தப்பித்தது. குறைந்திருந்தால் கை விரித்திருப்போம்.

புதிய இயந்திரம் எடுப்பவர்களுக்கும் இதையே சொல்கிறோம்: பார் நீளத்தைப் பார்த்து மயங்காதீர்கள். 58 சிசி இயந்திரத்தோடு 22 இன்ச் பாரைச் சேர்த்துக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. தென்னந்தோப்புக்கு அவ்வளவு நீளம் எதற்கு? தென்னையின் தண்டு பெரும்பாலும் ஓரடி விட்டம்தான். 16 அல்லது 18 இன்ச் போதும். நீளம் கூடினால் பற்கள் கூடும், எஞ்சினுக்குச் சுமை கூடும், தீட்ட வேண்டியதும் கூடும், கை வலியும் கூடும். பழைய புளியமரம் அறுக்கும் தொழில்காரர்களுக்குத்தான் நீண்ட பாரும் அதை இழுக்கும் எஞ்சினும் தேவை. அப்படியே சட்டமும் ரீப்பரும் நீளவாக்கில் அறுக்க வேண்டியவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள். சாதாரணச் செயினின் பல் சுமார் 30 டிகிரியில் தீட்டப்பட்டிருக்கும். நீளவாக்கு அறுப்புக்கு 10 டிகிரிச் செயின் தனியாக இருக்கிறது.

இன்று நாம் மாட்டும் செயினின் பல் வடிவத்துக்கு ஒரு புழு காரணம் என்பது எங்களுக்கு இன்றும் வியப்பு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மரம் வெட்டும் தொழிலில் இருந்த ஜோசப் காக்ஸ், 1946-இல் ஒரு வண்டுப் புழு மரத்தை இடமும் வலமுமாக மாறி மாறிக் கடித்துக்கொண்டு முன்னேறுவதைக் கவனித்தார். அடுத்த ஆண்டே அந்த முறையில் செயின் செய்து விற்கத் தொடங்கினார். உங்கள் செயினிலும் ஒரு பல் இடம், அடுத்தது வலம் என்று மாறி மாறி வருவதைப் பாருங்கள். அதனால்தான் தீட்டும்போது இரு பக்கமும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் குட்டையானால் வெட்டு நேராகப் போகாமல் வளைந்து போகும்.

கூர் போய்விட்டதா என்பதை மரத்தூளே சொல்லிவிடும். நல்ல செயின் சீவல் சீவலாகத் தள்ளும். மாவு மாதிரி தூள் வந்தால் உடனே நிறுத்துங்கள். அதற்கு மேல் அழுத்தி அறுத்தால் பார் சூடேறி நீலம் பாரிக்கும், கிளட்ச்சும் கெடும். உருண்டை அரத்திலும் அளவு உண்டு: 3/8 லோ புரொஃபைலுக்கு 4 மில்லிமீட்டர், .325-க்கு 4.8. அரத்தை ஒரே திசையில், உள்ளிருந்து வெளியே தள்ள வேண்டும். ரம்பத்தைப் போல இழுத்துத் தள்ளக் கூடாது. ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் காளையின் திமில்போல ஒரு சிறு மேடு நிற்கும். பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. பல்லைவிட அது சுமார் 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். பல்லைத் தீட்டித் தீட்டிக் குட்டையாக்கிவிட்டு இந்த மேட்டைத் தொடாமல் விட்டால், எவ்வளவு கூராக இருந்தாலும் மரத்தைக் கடிக்காது. அதிகமாகத் தேய்த்துவிட்டாலோ இயந்திரம் கையை உதறும், அது ஆபத்து.

பாரின் மூக்கு நுனியின் மேல்பக்கம் மரத்தில் பட்டால் இயந்திரம் முகத்தை நோக்கி எகிறும். அப்போது செயினை நிறுத்தும் செயின் பிரேக் வேலை செய்கிறதா என்று தினமும் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். தென்னை மேல் ஏறி நின்று ஒரு கையால் அறுப்பவர்களைப் பார்க்கும்போது எங்களுக்கு வயிறு கலங்குகிறது. தயவுசெய்து வேண்டாம்.

பாருக்குப் பழைய எஞ்சின் ஆயில் ஊற்றுவது பரவலான பழக்கம். அதில் இரும்புத் துகள் இருக்கிறது, கையிலும் மூச்சிலும் படக் கூடாத நச்சும் இருக்கிறது. செயின் ஆயிலே ஊற்றுங்கள். புதுச் செயினை மாட்டும் முன் ஆயிலில் ஊறவைத்து, சிறிது நேரம் ஓட்டி, ஆறிய பிறகு மறுபடி இறுக்குங்கள். புதிது கட்டாயம் நீளும். வேலை முடிந்ததும் சற்றுத் தளர்த்தி வையுங்கள், சூடு ஆறும்போது சுருங்கும். பெட்ரோலுக்கு டூ ஸ்ட்ரோக் ஆயில் 50-க்கு 1 என்று உங்கள் இயந்திரத்துக்குச் சொல்லியிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி. இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும். கலந்த பெட்ரோலை டேங்கில் மாதக்கணக்கில் விடாதீர்கள்.

பனை வெட்ட வேண்டும் என்று செயின் கேட்டு வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். அனுமதி வாங்கிய பிறகு வாருங்கள், அதற்கேற்ற செயினை எடுத்து வைக்கிறோம்.

இனிமேல் செயின் வாங்க வரும்போது பழைய செயினைக் கையோடு கொண்டுவாருங்கள். அறுந்திருந்தாலும் பரவாயில்லை, துண்டுகளைப் பையில் போட்டு எடுத்துவாருங்கள், எண்ணிக்கொள்கிறோம். முடியாவிட்டால் பாரின் அடிப்பகுதியைத் துணியால் துடைத்து, அங்கே பொறித்திருக்கும் எண்களைச் செல்போனில் படம் பிடித்து வாருங்கள். செயினைச் சுழற்றும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டில் பள்ளம் விழுந்திருந்தால் அதையும் மாற்றித்தான் புதுச் செயின் மாட்டுவோம். தேய்ந்த பல்சக்கரத்தில் ஓடினால் புதுச் செயினும் சீக்கிரம் கெடும். எங்களிடம் வாங்கிய செயினுக்கு முதல் தீட்டல் இலவசம். அப்போது அரத்தை உங்கள் கையில் கொடுத்துப் பழக்கியும் விடுவோம். காலையில் வந்தால் பட்டறைத் தம்பிக்கு நேரம் இருக்கும்.

இப்படிக்கு,
கடை உரிமையாளரும் பட்டறைத் தம்பிகளும்,
உடுமலைப்பேட்டை