மலை உயரம் மட்டும் போதாது: தொலைகாட்டியை எங்கே, எப்போது வைப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகப் பாடசாலைகள் சிலவற்றில் இரவு வான் அவதானிப்பு நடப்பது மனதுக்கு நிறைவு தருகிறது. ஆனால் வியாழனின் பட்டிகளைப் பார்க்க வரிசையில் நின்ற பிள்ளைகள், ஓடுகிற தண்ணீருக்கடியில் கிடக்கும் நாணயம்போல நெளியும் ஓர் ஒளிவட்டத்தைக் கண்டுவிட்டுத் திரும்புகிறார்கள். உடனே, "இது சின்னது, பெரிய தொலைகாட்டி வேண்டும்" என்ற பேச்சு எழுகிறது. பணத்தை அந்த வழியில் செலவிடுமுன் சிலவற்றைக் கவனிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வளிமண்டலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதற்குக் கீழே தங்கிவிடுவதால் வானம் கறுத்து, நட்சத்திரங்கள் பளிச்சென்று தெரிகின்றன. விம்பம் ஆடாமல் நிற்பது வேறு விடயம். நட்சத்திரங்கள் விடாமல் கண்சிமிட்டும் பளிங்கு போன்ற இரவு கோள்களைப் பார்க்க உதவாது. மெல்லிய புகார் படர்ந்து, காற்று அசையாமல் கிடக்கும் இரவில்தான் சனியின் வளையம் கோடு போட்டதுபோல் நிற்கும்.

காற்றின் வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸ் மாறினால் அதன் முறிவுச் சுட்டி, அதாவது ஒளியை வளைக்கும் அளவு, பத்து இலட்சத்தில் ஒரு பங்களவு மாறும். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் அரை மீற்றர் தூரத்துக்கு அந்த ஒரு பாகை வித்தியாசம் இருந்தாலே, அதனூடாக வரும் பச்சை ஒளி ஏறத்தாழ ஓர் அலைநீளம் பிந்திவிடும். நல்ல தொலைகாட்டியின் ஆடியைக் கால் அலைநீளப் பிழைக்குள் தீட்டுகிறார்கள். அந்த உழைப்பு முழுவதையும் அரை மீற்றர் காற்று விழுங்கிவிடுகிறது.

பெரிய கருவி இதற்கு மருந்தாகாது. கொந்தளிப்பான இரவில், ஒளி சிதையாமல் வரும் காற்றுத் துண்டின் அகலம் 4 சென்ரிமீற்றர்தான் என்று வைத்துக்கொள்வோம். அப்போது நட்சத்திரம் 2.5 வில் செக்கன் (ஒரு வில் செக்கன் என்பது கோணப் பாகையில் 3,600இல் ஒரு பங்கு) அகலத்துக்குப் பரவித் தெரியும். 20 சென்ரிமீற்றர் தொலைகாட்டியோ 0.6 வில் செக்கன் வரை பிரித்துக் காட்ட வல்லது. இடையிடையே காற்று ஒரு கணம் அடங்கும். அந்தக் கணம் எத்தனை கணங்களுக்கு ஒரு முறை வாய்க்கும் என்பதை அமெரிக்க ஒளியியல் அறிஞர் டேவிட் ஃபிரீட் 1978இல் கணக்கிட்டார். விட்டம் அந்தத் துண்டைப்போல் 5 மடங்கானால் ஏறத்தாழப் பத்துக்கு ஒரு முறை. 10 மடங்கானால், அதாவது 40 சென்ரிமீற்றர் தொலைகாட்டியில், பத்து இலட்சத்துக்கு ஒரு முறை. இவ்வாறான இடத்தில் 15 முதல் 20 சென்ரிமீற்றர் கருவியே கோள்களுக்குப் போதும் என்று உறுதியாகச் சொல்வோம்.

கேடு பெரும்பாலும் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. அறைக்குள் 22 பாகை, வெளியில் 13 பாகை என்றால், வெளியே கொண்டுவந்த ஆடியிலிருந்து சூடான காற்று குழாய்க்குள் எழுந்துகொண்டே இருக்கும். 20 சென்ரிமீற்றர் ஆடி ஆறுவதற்கு ஒன்று தொடக்கம் இரண்டு மணித்தியாலம் ஆகும். ஆடியின் பின்புறம் கணினிப் பெட்டியில் இருக்கும் 12 வோல்ற்று விசிறி ஒன்றை இறப்பர் வளையங்களால் கட்டித் தொங்கவிட்டால் அந்த நேரம் வெகுவாகக் குறையும். விசிறியை நேரடியாகத் திருகிப் பூட்டினால் அதன் அதிர்வே விம்பத்தைக் கெடுக்கும்.

கொங்கிறீற்று மொட்டைமாடியும் முற்றமும் பகல் சூட்டை நள்ளிரவு வரை விட்டுக்கொண்டிருக்கும். தகரக் கூரை இருட்டியதும் சுற்றுக் காற்றைவிடக் குளிர்ந்துவிடும். குளிர்ந்த காற்று அதிலிருந்து வழிந்து இறங்கும். மாலையில் லயன் வரிசையின் அடுப்புகள் எரியும்போது அதற்கு மேலாகப் பார்க்கவே வேண்டாம். புல் தரைதான் நல்லது.

சரிவில் குளிர்காற்று தண்ணீரைப் போலவே கான் வழியே இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். சனவரி, பெப்ரவரியில் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்து கருகும் இடங்களைத் தோட்டத்தில் கேட்டால் காட்டுவார்கள். அந்தப் பள்ளங்களையும் அவற்றுக்கு இறங்கும் கான்களையும் விட்டுவிட்டு, காற்று மோதும் பக்கமாக உள்ள மேட்டின் நெற்றியைத் தெரிவுசெய்யுங்கள். மலைக்குப் பின்பக்கம் கூடாது. தென்மேற்குப் பருவத்தில் ஊவாப் பக்கம் வானம் திறந்திருந்தாலும், மலைமுகட்டைத் தாண்டி இறங்கும் கச்சான் காற்று சுழன்று சுழன்று வரும். பண்டாரவளையில் நட்சத்திரம் நிறைந்த யூலை இரவு கோள்களுக்கு ஏமாற்றமாவது இதனால்தான்.

குறை எங்கே என்று அறிய ஒரு சோதனை போதும். பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைக் குவியத்திலிருந்து சற்று விலக்கி வட்டமாக்குங்கள். வட்டத்துக்குள் புகைபோல மெதுவாகச் சுருள் எழுந்தால் அது குழாய்க்குள் இருக்கும் சூடு, காத்திருந்தால் தீரும். சிற்றலைகள் ஒரே திசையில் விரைந்து கடந்தால் மேல்காற்று. அன்று உருப்பெருக்கத்தை 100 மடங்குக்குக் குறைத்து, சந்திரனைக் காட்டுவதே உத்தமம்.

கமரா இருந்தால் ஒரு சட்டத்துக்கு (தனிப் படத்துக்கு) 10 மில்லிசெக்கன் அளவில் ஆயிரக்கணக்கான சட்டங்கள் எடுத்து, தெளிந்த பத்து வீதத்தை மட்டும் மென்பொருளால் அடுக்கலாம். வியாழன் 10 மணித்தியாலத்துக்குள் ஒருமுறை சுழன்றுவிடுவதால், ஒரு பதிவு இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் பட்டிகளின் நுண்விவரம் இழுபடும்.

கோள் அடிவானிலிருந்து 30 பாகை உயரத்தில் நிற்கும்போது, தலையுச்சியில் நிற்பதைவிட அதன் ஒளி இருமடங்கு காற்றைக் கடக்கிறது. விம்பத்தின் கலங்கல் ஒன்றரை மடங்காகிறது. இங்கே நமக்குக் கொடுப்பினை உண்டு. 2027 பெப்ரவரி 10ஆம் திகதியளவில் வியாழனும் 19ஆம் திகதியளவில் செவ்வாயும் சூரியனுக்கு நேர் எதிரே வருகின்றன. இரண்டும் நள்ளிரவையொட்டி நம் தலையுச்சிக்கு 10 பாகைக்குள் நிற்கும். நுவரெலியா, ஹட்டன் பக்கம் வானம் வெளுத்திருக்கும் மாதமும் அதுவே. அவதானிப்பு முகாம்களை மாலை ஏழு மணிக்கு வைக்காமல் பத்து மணிக்குப் பிறகு வைக்கவும், தொலைகாட்டியை எட்டு மணிக்கே புல்வெளிக்குக் கொண்டுவரவும் பாடசாலைகள் இப்போதே திட்டமிட வேண்டும்.

இவ்வண்ணம்,
வான் அவதானிப்பாளர்கள் சிலர்,
ஹட்டன்.