வேண்டும் என்பதும் முதலில் என்பதும்

அன்பு நண்பனுக்கு,

வணக்கம். உன் கடிதம் கண்டேன். டெபியன் 7 என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடும் பழைய சர்வர்களைப் புதிய பதிப்புக்கு மாற்றும் பொறுப்பு உன்னிடம் வந்திருப்பது அறிந்து மகிழ்ந்தேன். சர்வர் எழும்போது எது முன், எது பின் தொடங்கும் என்பதைத் தீர்மானிக்க ஆர்சி3.டி கோப்புறையில் எஸ்20, எஸ்80 என்று எண்களை மாற்றி மாற்றி நாம் இருவரும் விழித்திருந்த இரவுகள் நினைவுக்கு வந்தன. 2015இல் வெளியான டெபியன் 8 முதல், சர்வீஸ்களை (பின்னணியில் ஓடும் நிரல்களை) தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டியே இயல்பாக வருவதால், அந்த எண் வரிசைப் பழக்கத்தை நீ முதலில் விட்டுவிட வேண்டும்.

அதை நான் சென்ற மாதம்தான் முழுமையாக உணர்ந்தேன். மின்சாரம் போய் வந்த ஓர் இரவில் சர்வர் தானாக எழுந்தது. எங்கள் பில்லிங் செயலி மட்டும் எழவில்லை. காலையில் கையால் தொடங்கியதும் உடனே ஓடியது. பதிவுகளைப் புரட்டியபோது, தரவுத்தளம் தயாராவதற்கு இரண்டு நொடி முன்பே செயலி அதை அழைத்துத் தோற்றிருந்தது தெரிந்தது. செயலியை எப்படித் தொடங்குவது என்று சிஸ்டம்டிக்குச் சொல்லும் யூனிட் கோப்பில் 'ரிக்வயர்ஸ்' என்று தரவுத்தளத்தின் பெயரை எழுதியிருந்தேன். அதுவே வரிசையையும் கவனித்துக்கொள்ளும் என்று நம்பியது என் பிழை. 'ரிக்வயர்ஸ்' என்பது அதுவும் வேண்டும் என்று மட்டுமே சொல்கிறது. அது முதலில் எழட்டும் என்று சொல்வது 'ஆஃப்டர்'. பின்னது இல்லையென்றால் இரண்டும் ஒரே நேரத்தில் கிளம்பிவிடும். 'ஆஃப்டர்' மட்டும் இருந்தாலோ, தரவுத்தளத்தைத் தொடங்கச் சொல்ல யாரும் இல்லை. ஆகவே இரண்டையும் எழுது. சர்வரை நிறுத்தும்போது இதே வரிசை தலைகீழாகும் என்பதால், தரவுத்தளம் கடைசியில்தான் மூடப்படும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

'டைப்' வரியையும் பார்; 'ஆஃப்டர்' எதுவரை காத்திருக்கும் என்பது அதைப் பொறுத்தது. 'சிம்பிள்' என்றிருந்தால், புராசஸ் (ஓடும் நிரல்) பிறந்த கணமே சர்வீஸ் தொடங்கிவிட்டதாகச் சிஸ்டம்டி கொள்ளும். 'நோட்டிஃபை' என்றிருந்தால், தயார் என்று அந்தச் சர்வீஸே சொல்லும் வரை காத்திருக்கும். டார்கெட் என்பது பல யூனிட்களை ஒன்றாகச் சேர்க்கும் பெயர். நெட்வொர்க் டார்கெட்டும் இப்படித்தான் ஏமாற்றும்: இணைப்பு கிடைத்துவிட்டது என்பது அதன் பொருள் அன்று. இணைப்பு கட்டாயம் தேவைப்படும் சர்வீஸுக்கு நெட்வொர்க்-ஆன்லைன் டார்கெட்டை 'வான்ட்ஸ்' ('ரிக்வயர்ஸ்' போன்றது, ஆனால் அவ்வளவு கட்டாயம் இல்லாதது), 'ஆஃப்டர்' இரண்டிலும் குறிப்பிடு.

பில்லிங், அச்சு, இரவுக் கணக்கு ஆகிய மூன்று சர்வீஸ்களையும் இப்போது ஒரு தனி டார்கெட்டின் கீழ் கொண்டுவந்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் உள்ள 'வான்டட்பை' வரியால், டார்கெட் எழும்போது மூன்றும் எழுகின்றன. 'பார்ட்ஆஃப்' வரியால், டார்கெட்டை நிறுத்தினால் மூன்றும் நிற்கின்றன. இந்த இரண்டாவது வரியை விட்டால், டார்கெட் நின்ற பிறகும் சர்வீஸ்கள் ஓடிக்கொண்டே இருக்கும்.

முதல் சர்வரை மாற்றி முடித்ததும் அதை ஒருமுறை ரீபூட் செய்து, 'சிஸ்டம்டி-அனலைஸ் கிரிட்டிக்கல்-செயின்' கட்டளை காட்டுவதை எனக்கு அனுப்பு. எந்தச் சர்வீஸ் எதற்காகக் காத்திருந்தது என்று சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உன் நண்பன்