பட்டா கேட்ட தலைவர்

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் நீல் ஆம்ஸ்ட்ராங் பற்றி வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஆனால் அவர் பிறந்த ஊரான ஒகையோ மாநிலத்து வாப்பகொனெட்டாவைப் பற்றிச் சொல்லும்போது, முன்பு அங்கே ஷானி பழங்குடிகள் இருந்தார்கள், பிறகு மேற்கே குடிபெயர்ந்து மறைந்துபோனார்கள் என்று கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார். பட்டா, சிட்டா, அடங்கல் என்றே முப்பது வருடம் வருவாய்த் துறையில் காலம் தள்ளியவன் நான். அந்த ஒரு வரிக்குள் பெரிய நில வழக்கே கிடப்பதால் எழுதுகிறேன்.

ஷானி என்றதும் விஷயம் தெரிந்தவர்களுக்கு டெகும்சே நினைவுக்கு வருவார். அமெரிக்கர்களை எதிர்த்து 1813இல் கனடாவில் நடந்த தேம்ஸ் போரில் செத்த வீரர். அதே இனத்தில் அவருக்கு நேர்மாறான இன்னொருவர் இருந்தார். பெயர் பிளாக் ஹூஃப், கறுப்புக் குளம்பு என்று பொருள். 1795இல் கிரீன்வில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபின் அமெரிக்காவுக்கு எதிராக அவர் ஆயுதம் எடுக்கவில்லை. டெகும்சே கூப்பிட்டும் போகவில்லை. 1802இல் வாஷிங்டனுக்கே போய், நாங்கள் குடியிருக்கும் நிலத்துக்கு எழுத்தில் உரிமை கொடுங்கள் என்று கேட்டார். அதாவது பட்டா. கிடைக்கவில்லை.

அரசு சொன்னபடி வேட்டையை விட்டு விவசாயத்துக்கும் வந்தார்கள். 1807இல் வில்லியம் கர்க் என்ற குவேக்கர் (குவேக்கர் என்பது ஒரு கிறிஸ்தவப் பிரிவு) வாப்பகொனெட்டாவுக்கு வந்து ஏர் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார். அடுத்த வருடமே போர்த்துறை அவரை நிறுத்திவிட்டது. பிரிட்டனோடு நடந்த 1812 போரில் பிளாக் ஹூஃப் அமெரிக்கப் பக்கம் நின்றார். அப்படி நின்றவரை 1813 ஜனவரியில் அமெரிக்க முகாமுக்குள்ளேயே யாரோ முகத்தில் சுட்டார்கள். பிழைத்துக்கொண்டார், அணி மாறவில்லை.

இனிதான் என் துறை சம்பந்தப்பட்ட இடம். 1817 செப்டம்பரில் மௌமி ஆற்றங்கரையில் ஒரு ஒப்பந்தம். வாப்பகொனெட்டா ஊர்ச்சபைக் கட்டடத்தை நடுவில் வைத்துப் பத்து மைல் நீளம், பத்து மைல் அகலம் ஷானிகளுக்கு. பக்கத்தில் ஹாக் கிரீக்கில் 25 சதுர மைல். லூயிஸ்டவுனில் செனிக்கா என்ற இன்னொரு பழங்குடியோடு சேர்த்து 48 சதுர மைல். இவற்றை முழு உரிமையுள்ள பட்டாவாகத் தருவதாகவே எழுதியிருந்தது. சரி, பதினைந்து வருடம் கழித்தாவது கேட்டது கிடைத்ததே என்று நினைப்போம். ஒரு வருடம்கூட நிற்கவில்லை. 1818 செப்டம்பரில் செயின்ட் மேரிஸில் துணை ஒப்பந்தம் போட்டார்கள். அதன் முதல் பிரிவே, அந்த நிலங்கள் அப்படி வழங்கப்படமாட்டா, மற்ற பழங்குடி ஒதுக்கீட்டு நிலங்களைப் போலவே வைத்துக்கொள்ளலாம் என்கிறது. நிலம் அதே நிலம்தான், எல்லைக்கல்லும் நகரவில்லை. பட்டா மட்டும் போய்விட்டது. கூடுதலாகக் கொஞ்சம் நிலமும் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் உரிமை இல்லாத ஏக்கர் எத்தனை கூடினால் என்ன?

1830 மே மாதம் பழங்குடிகளை மிசிசிப்பிக்கு மேற்கே அனுப்பும் சட்டம் வந்தது. கடைசிவரை போகமாட்டேன் என்ற பிளாக் ஹூஃப் 1831இல் காலமானார். அதே வருடம் ஜூலையில் லூயிஸ்டவுன், ஆகஸ்டில் வாப்பகொனெட்டாவும் ஹாக் கிரீக்கும் எழுதி வாங்கப்பட்டன. அரசு சார்பில் வாங்கியவர் ஜேம்ஸ் கார்டினர். வாப்பகொனெட்டா பத்திரத்தின் கணக்கு இது: நிலத்தை அரசு ஏலம்விடும், வரும் பணத்தில் ஏக்கருக்கு 70 சென்ட்டைத் தானே எடுத்துக்கொள்ளும், அளவைச் செலவும் அதிலேயே கழியும். அன்றைக்கு அரசு நிலத்தின் அடிமட்ட விலை ஏக்கருக்கு 1.25 டாலர். மீதி எவ்வளவு என்று வாசகர்களே போட்டுப் பார்க்கலாம். தங்களுக்கு வாயால் சொன்னது வேறு, தாளில் இருப்பது வேறு என்று ஷானிகள் குவேக்கர்களின் துணையோடு வாஷிங்டன் போய் முறையிட்டார்கள். கூடுதலாக 30,000 டாலர் கிடைத்தது. நிலம் கிடைக்கவில்லை.

1832 செப்டம்பரில் கிளம்பினார்கள். நீராவிப் படகில் ஏற மறுத்து, குதிரைகளோடு தரை வழியாகவே போனார்கள். ஹாக் கிரீக்காரர்கள் மறு வருடம். வாப்பகொனெட்டாக்காரர்கள் போய்ச் சேர்ந்த கான்சாஸும் நிலைக்கவில்லை. அங்கே ஷானிகளுக்கு இருந்த 16 லட்சம் ஏக்கர், 1854 ஒப்பந்தத்தில் 2 லட்சமாகச் சுருங்கியது. 1869இல் அங்கிருந்தும் கிளப்பி, செரோக்கி என்ற வேறொரு பழங்குடியின் பகுதியில் சேர்த்தார்கள். இதைக் குடிபெயர்ந்தார்கள் என்று எழுதலாமா? எங்கள் அலுவலக மொழியில் இதற்கு வெளியேற்றம் என்று பெயர்.

அப்புறம், மறைந்தும் போகவில்லை. இன்றைக்கு ஒக்லஹோமாவில் ஷானிகளுக்கு அரசு அங்கீகாரம் பெற்ற மூன்று அமைப்புகள் உள்ளன. லூயிஸ்டவுனிலிருந்து போனவர்களின் வழிவந்தவர்கள் கிழக்கு ஷானி. வாப்பகொனெட்டா வழியினர் பல காலம் செரோக்கிக் கணக்கிலேயே இருந்து, 2000இல்தான் சட்டப்படி தனி அங்கீகாரம் பெற்றார்கள். கட்டுரையில் வேறு எதையும் மாற்ற வேண்டாம். அந்த ஒரு வரிக்கு மட்டும் அடுத்த இதழில் திருத்தம் போட்டால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வருவாய் ஆய்வாளர்,
மன்னார்குடி