கடைசிச் சொட்டுவானைப் பார்த்து எழுது

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அனுப்பிய பயிரின் படத்தை இந்த நாற்பது நாட்களில் எத்தனையோ முறை எடுத்துப் பார்த்துவிட்டேன். படத்தோடு நீ ஒரு வரியும் எழுதவில்லை. அதன் பிறகும் எழுதவில்லை. உனக்கு வேலை மிகுதி என்று உன் அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஆகவே வேறெதையும் கேட்காமல் உரத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அடி இலைகளின் ஓரம் கருகியிருக்கிறது. சாம்பல்சத்து, அதாவது பொட்டாசியம், குறைந்தாலும் முதிர்ந்த இலைகளின் ஓரம் மஞ்சளித்துக் கருகும். வேரடியில் உப்பு மிஞ்சினாலும் ஓரம்தான் கருகும். முன்னதற்கு உரம் கொடுக்க வேண்டும். பின்னதற்கு உரத்தை நிறுத்திவிட்டு வெறும் தண்ணீரை நன்றாகப் பாய்ச்ச வேண்டும். பற்றாக்குறை என்று எண்ணி, உப்பு மிஞ்சிய செடிக்கு மேலும் ஒரு தொட்டி கரைத்து விட்டால் செடி தாங்காது. படத்தின் மூலையில், ஈரம் முடிகிற இடத்தில் வெள்ளையாக ஒரு வளையம் தெரிகிறது, நிழலாகவும் இருக்கலாம். மண்ணையும் பாசன நீரையும் ஆய்வகத்தில் கொடுத்து, உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறனைப் பார்த்துவிடு. முடிவு வரும்வரை உரத் தொட்டியைத் திறக்காதே. அது உப்பு வளையமாகவே இருந்தால், சிறு தூறல் விழும்போது சொட்டுநீரை நிறுத்திவிடாதே. ஓரத்தில் ஒதுங்கிய உப்பைத் தூறல் திரும்ப வேருக்குத் தள்ளிவிடும் என்பதால், அந்த நேரத்தில் குழாய் ஓடிக்கொண்டிருப்பதே நல்லது.

திரவ உரத்துக்கு மாறுவது உன் முடிவு. நான் தடுத்தேன், உன் அண்ணனும் என் பக்கம் பேசினான். நீ செய்ததுதான் சரி என்று இப்போது எனக்குத் தெரியும். உன் நிலத்தைப் போன்ற சுண்ணாம்பு மண்ணில் மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, குருணையாக இட்டால், குருணை சுற்றிலும் உள்ள ஈரத்தைத் தன்பால் இழுத்துக்கொள்ளும். சத்து வெளியே பரவாமல் அருகிலேயே கால்சியத்தோடு சேர்ந்து இறுகிவிடும். திரவமாகக் கொடுத்தால் அதே சத்து அதிக மண்ணில் பரவி வேர் தொடும் இடத்தில் கிடைக்கும். தென் ஆஸ்திரேலியாவின் ஐர் தீபகற்பத்துச் சுண்ணாம்பு மண்ணில் ஆய்வாளர்கள் இதைக் கோதுமையில் வயலிலேயே நிறுவிக் காட்டினார்கள். அதைப் படித்த அன்று, இதை யாரும் சொல்லாமல் என் மகள் தன் மண்ணைப் பார்த்தே கண்டுகொண்டாள் என்று உன் அம்மாவிடம் இரண்டு முறை சொன்னேன். உன்னிடம் சொல்லவில்லை.

ஆனால் மூன்று ஆண்டுகளில் தொழு உரம் அடித்ததாகவோ பசுந்தாள் மடக்கி உழுததாகவோ நீ ஒரு முறைகூடச் சொன்னதில்லை. திரவ உரம் பயிருக்குத் தீனி. மண்ணின் கரிமச்சத்தை அது வளர்க்காது. கரிமச்சத்துக் குறைந்த மண்ணில் தண்ணீரும் தங்காது, கரைத்துவிட்ட சத்தும் தங்காது. பாசனம் சற்று அதிகமானாலும் நைட்ரேட் வேருக்குக் கீழே இறங்கிப்போய்விடும். அதனால்தான் உரத்தைச் சிறிது சிறிதாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்கிறார்கள். முதலில் குழாயில் அழுத்தம் நிலைக்கும்வரை வெறும் தண்ணீர், நடுவில் உரம், கடைசியில் குழாயைக் கழுவ மறுபடியும் வெறும் தண்ணீர். மோட்டார் நின்றவுடன் உரநீர் கிணற்றுக்குத் திரும்பாதபடி தடுக்கும் வால்வு சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்.

யூரியாவைக் கரைக்கும்போது அவசரப்படாதே. அது கரையக் கரையத் தண்ணீர் சில்லிட்டு வாளியின் வெளிப்புறம் வியர்க்கும். குளிர்ந்த நீரில் மீதி மெதுவாகத்தான் கரையும். கரையாத மணிகளோடு தொட்டியில் ஊற்றிவிடாதே. எதையும் எதோடும் சேர்ப்பதற்கு முன் ஒரு கண்ணாடிச் சாடியில், உன் பாசன நீரிலேயே, அதே விகிதத்தில் கலந்து சற்று நேரம் வைத்துப் பார். கலங்கினால் சேர்க்காதே. கால்சியம் நைட்ரேட்டைப் பாஸ்பேட்டோடும் சல்பேட்டோடும் ஒரே தொட்டியில் ஒருபோதும் சேர்க்காதே. சாடியில் கலந்து பார்க்காமல் எதையும் ஊற்றாதே, அம்மா.

இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் அந்த நீலத் தொட்டி. உனக்கு அப்போது பதினைந்து வயது. ஒரு நாள் வேலை மிச்சமாகும் என்று கால்சியம் நைட்ரேட்டையும் மோனோ அம்மோனியம் பாஸ்பேட்டையும் ஒன்றாகக் கொட்டிக் கலக்கியவன் நான். கலக்கும்போதே தண்ணீர் பால்போல் வெளுத்தது. அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டேதான் வால்வைத் திறந்தேன். மூன்றாம் நாள் கிழக்குப் பக்கம் முழுவதும் சொட்டு நின்றுபோனபோது, நீ வடிகட்டியைக் கழுவவில்லை என்று எல்லோர் முன்னிலையிலும் உன்னைத் திட்டினேன். நீ மறுபேச்சுப் பேசாமல் ஊசியை எடுத்துக்கொண்டு போய் குழாயில் நீர் சொட்டும் சிறு துளைகளான சொட்டுவான்களை ஒவ்வொன்றாகக் குத்திக்கொண்டிருந்தாய். நனைந்த சுண்ணக்கட்டிபோல் வெள்ளையாக ஏதோ பிதுங்கி வந்து உன் நகக்கண்ணில் ஒட்டியிருந்தது. அன்று மாலை நான் வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தேன். வலையில் ஒரு தூசும் இல்லை. நீ கழுவித்தான் வைத்திருந்தாய். இது எனக்கு அன்றே தெரியும், மகளே. இத்தனை ஆண்டுகளாக நான் உன்னிடம் சொல்லவில்லை. பின்னர் அமிலம் விட்டுக் குழாய்களைச் சுத்தம் செய்தபோதும், அடைத்தது என் கலவைதான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பயிரில் ஏதேனும் தவறினால் அப்பா முதலில் என்னைத்தான் சொல்வார் என்று நீ நினைத்தால், அந்த நினைப்பை உனக்குள் விதைத்தவன் நான்தான். இந்த முறை எது தவறியிருந்தாலும் நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

நீ நீளமாக எழுத வேண்டாம். குழாயின் முதல் சொட்டுவானின் கீழும் கடைசிச் சொட்டுவானின் கீழும் ஒரே அளவுள்ள இரண்டு டப்பாக்களை வைத்து, அரை மணி நேரத்தில் எதில் எவ்வளவு நிறைகிறது என்று பார். அந்த இரண்டு எண்களை மட்டும் எழுதி அனுப்பு.

இப்படிக்கு,
அப்பா