கதை இல்லாத ஆட்டமும் ஆட்டம்தான்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆழமான கதை இல்லாத வீடியோ கேம் வெறும் நேரவிரயம் என்று பலர் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. 1984இல் மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் உருவாக்கிய டெட்ரிஸில் கதையும் இல்லை, கதாபாத்திரமும் இல்லை. ஏழே வகைக் கட்டைகள். இடைவெளியின்றி நிரம்பிய வரிசை மறைகிறது, அடுத்த கட்டை இறங்குகிறது, அவ்வளவுதான். நாற்பது ஆண்டுகள் கழித்தும் கை அதை விட மறுக்கிறது. சதுரங்கத்திடம் யாராவது கதை கேட்டோமா?

கதையை நான் வெறுக்கவில்லை. 2019இல் வந்த டிஸ்கோ எலிசியம் என்ற வீடியோ கேமில் உரையாடல்தான் ஆட்டமே. கதையை நீக்கினால் அங்கே எதுவும் மிஞ்சாது.

விமர்சகர்களிடம் நான் வேண்டுவது வேறு. பாதி இடத்தைக் கதைச்சுருக்கத்துக்குக் கொடுக்காதீர்கள், முடிவையும் போட்டு உடைக்காதீர்கள். பொத்தானை அழுத்தியதும் பாத்திரம் உடனே நகர்கிறதா? தோற்றால் எவ்வளவு தூரம் பின்னால் போக வேண்டும்? சாதாரணக் கணினியில் ஓடுமா? முக்கியமாக, விலை கொடுத்து வாங்கிய பிறகும் உள்ளே மீண்டும் மீண்டும் காசு கேட்குமா? பிள்ளைகள் கையில் கொடுக்கும் பெற்றோருக்கு இது பெரிய கவலை. பத்துக்கு எட்டு என்ற மதிப்பெண் இவற்றில் ஒன்றையும் எங்களுக்குச் சொல்வதில்லை.

— ஒரு வாசகி, திருச்சி