குளத்துக்குத் தண்ணீர், நாயனத்துக்கு நாணல்: திருப்பணிக் குழுவின் வேண்டுகோள்

ஊர்ப் பெரியோர்களுக்கும் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

போன பங்குனியில் தெப்பம் நடந்த அழகை வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். டேங்கர் லாரியில் கொண்டுவந்து கொட்டிய தண்ணீர் முழங்காலுக்குக்கூட எட்டவில்லை. இரண்டாம் சுற்றில் தெப்பம் சேற்றில் தட்டி நின்றது, நாயனமும் நின்றது. பையன்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கித் தள்ளினார்கள்.

குளத்தின் மேல் குறையில்லை. ஆற்றிலிருந்து வரும் வரத்து வாய்க்கால்தான் தூர்ந்து கிடக்கிறது. பாதித் தூரம் நெய்வேலிக் காட்டாமணக்கு, மீதித் தூரம் பிளாஸ்டிக் குப்பை. மதகில் பலகையே இல்லை.

அப்பர் சுவாமிகள் ஊர் ஊராகப் பதிகம் பாடிப் போனபோது கையில் இருந்தது புல் செதுக்கும் உழவாரம். கண் தெரியாத தண்டியடிகள் திருவாரூர்க் குளத்திலும் கரையிலும் கழி நட்டு, கயிறு கட்டி, அதைத் தடவிக்கொண்டே மண் சுமந்தார். நமக்குக் கண் தெரிகிறது. வாடகைக்கு ஜேசிபியும் கிடைக்கிறது.

ஆனால் கரையை மொட்டையடிக்கப் போவதில்லை. அதற்குக் காரணம் நம் கோயில் நாகஸ்வரக்காரர். நாயனத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளிக்கான கொருக்கை நாணலை அவருடைய தாத்தா இந்த வாய்க்கால் கரையில்தான் வெட்டினாராம். இப்போது ஒரு புதர்தான் மிச்சம். அதைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறோம், அந்தப் பக்கம் இயந்திரம் போகாது. அப்புறம், நாயனத்துக்கு ஆச்சா மரம் வேண்டும். 2022-ல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கே பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் ஆச்சாவைத்தான் தேடி வாங்குகிறார்கள். நந்தவனத்து மேட்டில் ஐந்து ஆச்சாக் கன்றுகளும், குளக்கரையில் நீர்மருதும் புன்னையும் இலுப்பையும் வைக்கிறோம். "அந்த ஆச்சாவில் நாயனம் செய்து வாசிக்கும்போது நம்மில் யார் இருப்போம்?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். யாரும் இருக்க மாட்டோம்தான். கன்றுகளுக்குச் சொல்லிவைத்தாயிற்று.

மொத்தச் செலவு நான்கு லட்சம் ரூபாய். தலைக்கட்டு வரியில் 1,60,000 சேர்ந்திருக்கிறது. இயந்திர வாடகை, மதகுப் பலகை, கன்றுகளுக்கு முள்வேலி, இரண்டு வருஷம் தண்ணீர் ஊற்றும் ஆளுக்குச் சம்பளம் எல்லாம் அந்த நான்கு லட்சத்தில் அடக்கம். அனுமதி வாங்கியாயிற்று. மேட்டூர் அணை வழக்கம்போல் ஜூன் 12-ல் திறந்தால், நம் ஆற்றுக்குத் தண்ணீர் வருவதற்குள் வாய்க்கால் வேலை முடிந்தாக வேண்டும்.

பணம் தருபவர்கள் கோயில் அலுவலகத்தில் தந்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வரவுசெலவு மாதாமாதம் மண்டபத் தூணில் ஒட்டப்படும். படித்துறையில் உபயதாரர் பெயர் பொறிக்க மாட்டோம். வெளிச்சமே தெரியாமல் டியூப்லைட் முழுக்கப் பெயர் எழுதிய கூத்து ஒரு தடவை போதும்.

பணம் இல்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மண்வெட்டியோடு மதகுக்கு வந்துவிடுங்கள். ஓதுவார் கரையில் உட்கார்ந்து தேவாரம் பாடுவார், நாம் வெட்டுவோம். கஞ்சியும் துவையலும் உண்டு.

இப்படிக்கு,
திருக்குளத் திருப்பணிக் குழுவினர்